சிறையிலிருக்கும் எழுத்தாளருக்காகச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதும் கடிதம் போய்ச் சேருமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் ஒரு வாசகர் வட்டத்தின் செயலாளர், எனக்குப் பிள்ளை வயதுடைய தம்பி ஒருவர், இப்படிக் கேட்டிருக்கிறார்: மேற்காசிய நாடொன்றில், இணையத்தில் தம் கருத்துகளை எழுதியதற்காக ஓர் எழுத்தாளர் நெடுங்காலச் சிறைத்தண்டனை அனுபவித்து வருகிறார், அவருடைய விடுதலைக்காக எங்கள் வட்டம் ஏதேனும் செய்ய விரும்புகிறது, ஆனால் உறுப்பினர்களுள் பாதிப் பேர், 'செம்பனைக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நாம் எழுதும் கடிதத்தை எந்த அரசாங்கம் படிக்கப் போகிறது' என்கிறார்கள், மீதிப் பேர், 'அவர் எழுதியதில் நமக்கே உடன்பாடில்லை, வீண் வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்' என்கிறார்கள், இதில் இறங்கலாமா, இறங்கினால் எப்படி இறங்குவது?

எழுத்தாளரின் பெயரையும் தம்பி எழுதியிருந்தார். அதை நான் இங்கே குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இறங்கலாம் என்பதே என் பதில். தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, முகம் பார்த்திராத கைதிகளுக்காக அரசாங்கங்களுக்கு மனு எழுதி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை வைத்து எழுதுகிறேன். முதலில், உங்கள் வட்டத்தின் இரண்டாவது தயக்கத்தைத் தீர்க்க வேண்டும்; அது தீராமல் எழுதத் தொடங்கினால் ஒவ்வொரு வரியிலும் பேனா தடுக்கும்.

எகிப்தில் கரீம் அமர் என்ற புனைபெயரில் வலைப்பதிவு எழுதிவந்த அப்துல் கரீம் நபீல் சுலைமான் என்ற இளைஞர் 2006 நவம்பரில் கைது செய்யப்பட்டார். அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கிருந்து நீக்கப்பட்டவர். 2007 பிப்ரவரி 22 அன்று, சமயத்தை இழிவுபடுத்தியதற்காக மூன்று ஆண்டும் அதிபரை அவமதித்ததற்காக ஓர் ஆண்டுமாக, அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்காக உலகெங்கும் எழுந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் எஸ்ரா அல் ஷாஃபி என்னும் பஹ்ரைன் நாட்டு இளம்பெண். அவரும் அவருடன் நின்றவர்களில் பலரும் முஸ்லிம்கள். கரீம் தங்கள் சமயத்தைப் பற்றி எழுதியவற்றை ஏற்காதவர்கள். ஏற்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிக்கொண்டே, எழுத்துக்கு மறுப்பு எழுத்தாக இருக்கட்டும், சிறைக்கூடமாக இருக்க வேண்டாம் என்று கேட்டவர்கள். பல நாடுகளில் எகிப்தியத் தூதரகங்களின் முன்னால் ஆட்கள் கூடினார்கள். இத்தனை நடந்தும் கரீம் தண்டனைக் காலம் முழுவதையும் கழித்த பிறகே, 2010 நவம்பரில் வெளியே வந்தார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். அதற்கும் பிறகு வருவேன்.

விடுதலை கேட்பது வேறு, எழுதியதற்கு வக்காலத்து வாங்குவது வேறு. இந்த இரண்டையும் உங்கள் வட்டத்தினர் மனத்தில் மட்டுமின்றிக் கடிதத்திலும் பிரித்து வைக்க வேண்டும். நான் எழுதும் கடிதங்களில், இரண்டாம் பத்தியில் ஒரு வாசகம் எப்போதும் இருக்கும்: 'இவர் எழுதியவற்றின் சரி தவறு குறித்து நாங்கள் எதுவும் கூற வரவில்லை, வன்முறையைத் தூண்டாத எழுத்துக்காக ஒருவர் சிறையில் இருக்கலாகாது என்பது மட்டுமே எங்கள் விண்ணப்பம்.' இதில் 'வன்முறையைத் தூண்டாத' என்ற சொற்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. பன்னாட்டு மன்னிப்புச் சபை (அம்னெஸ்டி இன்டர்நேஷனல்) ஒருவரை மனச்சாட்சிக் கைதி என்று அழைப்பதற்கு வைத்திருந்த அளவுகோல் அதுதான். ஆயுதப் போராட்டத்தை ஆதரித்தார் என்ற காரணத்தால் 1964இல் நெல்சன் மண்டேலாவையே அந்தப் பட்டியலில் வைத்துக்கொள்ள அச்சபை மறுத்துவிட்டது. ஆகவே உங்கள் எழுத்தாளர் எந்தக் கூட்டத்தையும் அடிக்கவோ கொல்லவோ சொன்னவர் அல்லர் என்பதை, யாரோ சொன்னதை நம்பாமல், நீங்களே தேடிப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அரபு தெரியாதென்றால் நம்பத்தகுந்த இரண்டு மொழிபெயர்ப்புகளையாவது ஒப்பிடுங்கள்.

படியுங்கள்; பகிராதீர்கள். அவரைச் சிறைக்கு அனுப்பிய அந்தப் பதிவை 'பாருங்கள், இதற்காகவா தண்டனை' என்று வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஏற்றுவது, இந்த நாட்டில் உங்களுக்கே வழக்காக வந்து நிற்கும். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் திருத்தங்கள் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும் சிறையின் உச்சவரம்பு ஓர் ஆண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்ந்துவிட்டன. 1948ஆம் ஆண்டின் நிந்தனைச் சட்டமும் உயிரோடுதான் இருக்கிறது. சமயம், இனம், அரச பீடம் ஆகிய மூன்றையும் ஒட்டிய எதையும் பொதுவெளியில் எடுத்துப் போடுமுன் இங்கே எல்லாரும் இருமுறை யோசிக்கிறார்கள், யோசிப்பதில் தவறில்லை. எழுத்தாளரை விடுவிக்கக் கோருவதற்கு அவர் எழுதியதை மறுபதிப்புச் செய்ய வேண்டிய தேவையும் இல்லை.

இது எங்கோ நடக்கும் கதை, மலேசியாவுக்கு இதில் என்ன தொடர்பு என்று உங்கள் வட்டத்தில் யாரேனும் கேட்டால் 2012 பிப்ரவரியை நினைவூட்டுங்கள். ஹம்சா கஷ்காரி என்ற 23 வயதுச் சவுதி எழுத்தாளர், டுவிட்டரில் எழுதிய சில வரிகளுக்காகத் தம் நாட்டில் மரண தண்டனை கேட்டுக் குரல்கள் எழுந்ததும், நியூசிலாந்து செல்ல எண்ணிப் புறப்பட்டார். வழியில், பிப்ரவரி 9 அன்று, நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார். 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்த வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைத் தேடிப் போய், அவரை நாடு கடத்துவதைத் தடுக்கும் இடைக்கால உத்தரவைப் பெற்றார்கள். அதற்குள் விமானம் போய்விட்டது. சவுதியில் விசாரணையே இல்லாமல் ஏறத்தாழ இருபது மாதங்கள் அடைபட்டிருந்து 2013 அக்டோபரில் அவர் வெளியே வந்தார். ஆக, வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவரின் சிறைவாசத்தில் மலேசியாவின் கைரேகையும் பதிந்த வழக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கைதான முதல் சில நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்பு செய்யக்கூடியதைப் பின்னால் ஆயிரம் கடிதங்களும் செய்ய முடியாமல் போகலாம் என்பதை அந்த மூன்று நாட்களில்தான் நான் தெரிந்துகொண்டேன். உங்கள் எழுத்தாளரின் நிலை அதுவல்ல. அவருடைய தண்டனை உறுதியாகிவிட்டது. அவருக்கு வேண்டியது வேகமன்று, பொறுமை.

இனி முதல் தயக்கத்துக்கு வருகிறேன். 'சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதி என்ன ஆகப்போகிறது' என்று இந்த ஊர்க்காரர் யாரேனும் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். விசாரணையின்றி மனிதரைத் தடுத்து வைக்கும் ஏற்பாடு இந்த நாட்டில் வேர்விட்டதில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1948 ஜூன் 16 அன்று இவ்வூரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் விதிமுறைகளின் கீழ் ஆயிரக்கணக்கானோர் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவசரகாலம் முடிந்த 1960இலேயே அதன் வாரிசாக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நம்மவர் நாவில் 'இசா', வந்து உட்கார்ந்துகொண்டது. அது 2012இல் நீக்கப்படும் வரை, தைப்பிங்குக்குப் பக்கத்திலிருக்கும் கமுண்டிங் தடுப்பு முகாம் என்றால் பேராக் மாநிலத்தில் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும்.

2007 டிசம்பர் 13 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக எழுந்த இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் அங்கே கொண்டு செல்லப்பட்டதை உங்கள் வட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயில்களில் அர்ச்சனை நடந்தது, மெழுகுவர்த்தி ஏற்றினோம், மனுக்களில் கையெழுத்திட்டோம், அவர்களுள் ஒருவரான மனோகரன், முகாமுக்குள் இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். அப்படியும் கதவு திறக்கவில்லை. திறந்தது எப்போது? 2009 ஏப்ரலில் நஜிப் ரசாக் பிரதமராகப் பொறுப்பேற்ற முதல் நாளில், 13 தடுப்புக் கைதிகளை விடுவிப்பதாக அறிவித்தார். அந்தப் பட்டியலில் ஐவருள் இருவர் இருந்தார்கள். மற்ற மூவர் மே மாதம் வெளியே வந்தார்கள். புதிய தலைவர் புதிய முகம் காட்ட விரும்பினார். அந்த நேரத்தில் யாருடைய பெயர்கள் நாடெங்கும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தனவோ அவை பட்டியலில் ஏறின. ஒலிக்காத பெயருக்குரிய கைதிகளும் அந்த முகாமில் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

2011இல் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மருத்துவர் ஜெயகுமார் தேவராஜும் கட்சித் தோழர் ஐவரும் 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஜூலை 2 அன்று தடுத்து வைக்கப்பட்டு, அம்மாதம் 29ஆம் தேதி விடுவிக்கப்பட்டார்கள். அந்த நான்கு வாரங்களில் ஊர் எப்படி இருந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அறிந்த முகம், அண்மையில் நடந்த கைது, நாடு தழுவிய சினம். இவை சேர்ந்தபோது நான்கு வாரத்தில் முடிந்தது. அயல்நாட்டு எழுத்தாளருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவருக்காக எழுதுபவர்கள் செய்வதெல்லாம், என்றோ ஒரு நாள் அந்நாட்டு ஆட்சியாளர் தம் காரணங்களுக்காக ஒரு மன்னிப்புப் பட்டியல் தயாரிக்கும்போது அந்தப் பெயர் அதிகாரிகளின் நினைவில் முன்னால் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான். எகிப்தில் அலா அப்தல் ஃபத்தாஹ், ஒரு முகநூல் பதிவைப் பகிர்ந்ததற்காக 2021 டிசம்பரில் ஐந்தாண்டு தண்டிக்கப்பட்டவர், 2025 செப்டம்பரில் அதிபரின் மன்னிப்பால் விடுதலையானார். அதற்கு முன் அவருடைய தாயார், வயது முதிர்ந்த பேராசிரியை, ஒன்பது மாதங்களுக்கு மேல் உண்ணாநோன்பு இருந்தார். தாய் பட்டினி கிடந்ததால் மன்னித்தோம் என்று எந்த அரசும் எழுதித் தராது. ஆனால் அந்தப் பெயரை மறக்க அவர் யாரையும் விடவில்லை.

கதவு திறக்காத காலத்திலும் கடிதங்களுக்கு வேலை உண்டு. என் அனுபவத்தில் பெரும்பாலான கடிதங்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. 1973இல் பிரேசிலில் பிடிபட்டு வதைபட்ட பேராசிரியர் லூயிஸ் பசீலியோ ரோஸிக்காகத்தான் பன்னாட்டு மன்னிப்புச் சபை தன் முதல் அவசர வேண்டுகோளை விடுத்தது. தம்முடைய வழக்கு வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டது, இனித் தம்மைக் கொல்ல முடியாது என்று அப்போது தமக்குப் புரிந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். டொமினிக்கன் குடியரசில் சிறைப்பட்டிருந்த ஒரு தொழிற்சங்கத் தலைவரின் சாட்சியத்தை நான் தோட்டத் தொழிலாளர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு: முதல் இருநூறு கடிதம் வந்தபோது காவலர்கள் அவருடைய உடுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள், அடுத்த இருநூறு வந்தபோது சிறை அதிகாரி நேரில் வந்து பார்த்தார், அதற்கும் மேல் வந்துகொண்டே இருக்கவும் மேலிடத்துக்குச் செய்தி போயிற்று, மூவாயிரத்தைத் தொட்டபோது நாட்டின் அதிபருக்கே தெரியவந்தது. உடுப்பு திரும்பக் கிடைத்த அந்த முதற்படியே எனக்குப் பெரிது.

சவுதியின் ரைஃப் பதாவி வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வலைத்தளம் நடத்தியதற்காக 2012இல் கைதாகி, 2014இல் பத்தாண்டுச் சிறையும் 1,000 கசையடியும் விதிக்கப்பட்டவர். 2015 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை, ஜித்தாவில் ஒரு பள்ளிவாசலுக்கு வெளியே முதல் 50 அடி கொடுக்கப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை தள்ளிவைத்தார்கள்; அதற்கடுத்ததும் தள்ளிப்போயிற்று; மிச்சமிருந்த 950 அடி கடைசி வரை கொடுக்கப்படவே இல்லை. முதலில் சொல்லப்பட்ட காரணம் மருத்துவக் காரணம். அந்த வாரங்களில் உலகத் தலைநகரங்களிலிருந்து சவுதித் தூதரகங்களுக்குக் கடிதங்கள் குவிந்ததும் உண்மை. அவருடைய மனைவி என்சாஃப் ஹைதர் மூன்று பிள்ளைகளோடு குடியேறியிருந்த, கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள ஷெர்புரூக் நகரத்தார், தலைநகரத்தார் அல்லர், நகராட்சி மண்டபத்தின் முன் வெள்ளிக்கிழமைதோறும் வந்து நின்றார்கள், பனியிலும் நின்றார்கள், ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். ரைஃப் முழுத் தண்டனையும் கழித்து 2022 மார்ச்சில்தான் வெளியே வந்தார். வந்த பின்னும் பத்தாண்டுப் பயணத் தடை. கடிதங்கள் சிறையைக் குறைக்கவில்லை. ஆனால் 950 அடி என்பது ஓர் உடம்பின் மேல் விழாமல் போன எண்ணிக்கை. உங்கள் வட்டத்தில் சந்தேகப்படுபவரிடம் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இனி எழுதும் முறை. மனு எழுதுவது நம் மக்களுக்குப் புதிதன்று. நான் பள்ளியில் படித்த காலத்தில், லயத்தில் தண்ணீர்க் குழாய் கெட்டுப்போனாலும், தண்டல் ஒருவரை மட்டும் பால் குறைந்த மரவரிசையில் தொடர்ந்து போட்டாலும், நாலெழுத்துப் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து மனு எழுதச் சொல்வார்கள். என் அப்பா அதற்கு மூன்று விதி சொல்வார்: துரையைத் திட்டாதே, நடந்ததைத் தேதியோடு எழுது, என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் ஒன்றே ஒன்றாகக் கேள். மன்னருக்கும் நீதியமைச்சருக்கும் எழுதும்போதும் அந்த மூன்றுக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. மரியாதையான விளி; கைதியின் முழுப் பெயர்; கைதான நாள், தீர்ப்பு நாள், தண்டனை, எந்தச் சிறை; பிறகு கோரிக்கை. ஆட்சிமுறையைப் பற்றிய உங்கள் அபிப்பிராயத்துக்கு அந்தத் தாளில் இடமில்லை. அதிகாரியின் மேசையில் தன்மானத்தைக் கீறும் ஒரு சொல் விழுந்தால் அதற்கான விலையைக் கொடுப்பது நீங்களல்ல.

தேதியையும் பெயரையும் சொன்னேன். என் தலையில் விழுந்த குட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில், ஆப்பிரிக்க நாடொன்றின் பத்திரிகையாளருக்காக என் மாணவர்களின் பெற்றோர் உட்பட அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். நான்கு மாதங்களுக்குப் பின் அழகான முத்திரையோடு பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் பெயரில் எங்கள் நாட்டுச் சிறைகளில் எவரும் இல்லை.' அவர்கள் சொன்னது பொய்யும் அன்று. தந்தை பெயரை நான் தாத்தா பெயர் என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறந்த ஆண்டையும் எழுதவில்லை. அறுபது பேர் கையெழுத்தை என் அவசரம் வீணாக்கிற்று. அரபுப் பெயர்களில் தந்தை பெயரும் குடும்பப் பெயரும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை, அரபு படிக்கத் தெரிந்த ஒருவரிடம், நம் ஊர்ப் பள்ளிவாசலிலேயே அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, குடும்பத்தாரின் விருப்பத்தை அறிவது. சில குடும்பங்கள் ஊரறியப் பேசச் சொல்கின்றன; சில குடும்பங்கள், உள்ளே சமரசப் பேச்சு நடக்கிறது, இப்போது சத்தம் வேண்டாம் என்கின்றன; வெளியே பேசியதற்காகவே உள்ளூரில் இருக்கும் உறவினர் பிடிபட்டதும் உண்டு. ரைஃபின் வழக்கறிஞர் வலீத் அபுல்கைருக்கு 2014இல் 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உங்கள் எழுத்தாளரின் குடும்பம் என்ன நினைக்கிறது என்பது தம்பியின் கடிதத்தில் இல்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அதுவே காரணம். பன்னாட்டு மன்னிப்புச் சபையோ, 1921இல் தொடங்கப்பட்டு 1960 முதல் சிறைப்பட்ட எழுத்தாளர்களுக்கென்றே தனிக்குழு வைத்திருக்கும், உலக எழுத்தாளர்களின் சங்கமான பென் அமைப்போ அவரைப் பற்றி வெளிப்படையான வேண்டுகோள் விடுத்திருந்தால், குடும்பத்தின் சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று ஓரளவு நம்பலாம். அப்படியொரு வேண்டுகோள் இருந்தால் அதில் சொல்லப்பட்ட கோரிக்கையையே நீங்களும் கேளுங்கள். உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள். அச்சடித்த ஒரே வாசகம் நூறு உறைகளில் போவதைவிட, வேறு வேறு கையெழுத்தில் பத்துக் கடிதங்கள் போவது மேல்.

யாருக்கு எழுதுவது? அந்நாட்டு நீதியமைச்சருக்கு ஒன்று, கோலாலம்பூரிலுள்ள அந்நாட்டுத் தூதருக்கு அதன் நகல், நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கு ஒன்று, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று. மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கு எழுதலாமா என்று கேட்பீர்கள். அதன் பணி மலேசியாவுக்குள் நடக்கும் மீறல்களைப் பற்றியது, ஆகவே இதில் அதற்குச் சுமை ஏற்ற வேண்டாம். ஐக்கிய நாடுகளின் தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த பணிக்குழு 1991 முதல் இயங்குகிறது. ஒரு நாடு எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது முறையீட்டை ஏற்கும். ஆனால் அந்த முறையீடு வழக்கறிஞரும் குடும்பமும் செய்ய வேண்டியது. நீங்கள் செய்யக்கூடியது, குழு ஏற்கெனவே கருத்துரை வெளியிட்டிருந்தால் அதை உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சுட்டுவது. காலமும் பார்க்க வேண்டும். பல முஸ்லிம் நாடுகளில் ரமலானையும் பெருநாளையும் ஒட்டி மன்னிப்பு வழங்கும் வழக்கம் உண்டு. பட்டியல் முன்கூட்டியே தயாராகும். ஆகவே உங்கள் கடிதம் நோன்பு தொடங்குவதற்கு ஒரு மாதமாவது முந்திப் போக வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கென்று தனியே ஒரு வேலையும் இருக்கிறது. இலங்கையில் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், தமிழில் எழுதிய 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பைக் காரணம் காட்டி, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார். தீவிரவாதத்தைத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட தொகுப்பில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளே இருந்தன. தமிழ் தெரியாதவர்கள் தமிழ்க் கவிதைக்குப் பொருள் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுதலை. அவருக்காகக் குரல் கொடுத்தவர்களில் மிகப் பயனுள்ள வேலையைச் செய்தவர்கள், என் கருத்தில், அந்தக் கவிதைகளை ஒழுங்காக மொழிபெயர்த்து உலகின் முன் வைத்தவர்கள். அதே நாட்டில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, முகநூலில் இட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். அவர் மேல் பாய்ந்த சட்டம், குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் பெயரையே தாங்கிய 2007ஆம் ஆண்டுச் சட்டம். கருத்துரிமையைக் காக்கப் பிறந்த உடன்படிக்கையின் பெயரால் கருத்துக்காகச் சிறை. இத்தகைய வழக்குகள் நம் மொழியிலோ பக்கத்து வீட்டு மொழியிலோ வரும்போது, உங்கள் வட்டத்தில் ஆங்கிலமும் மலாயும் நன்கு எழுதக்கூடிய இருவர், ஊர்வலம் போகும் இருநூறு பேருக்கு ஈடாவார்கள்.

ஊர்வலம் என்றதும் ஓர் எச்சரிக்கை. வீட்டிலோ வாடகை மண்டபத்திலோ கூடிக் கடிதம் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பொது இடத்தில் மெழுகுவர்த்தியோடு நிற்பதென்றால் 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் குறுக்கே வரும்: ஐந்து நாட்களுக்கு முன்பே மாவட்டப் போலீஸ் தலைவருக்கு அறிவிக்க வேண்டும், ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப் போகக் கூடாது, வழிபாட்டுத் தலங்களும் பள்ளிகளும் தடை செய்யப்பட்ட இடங்களில் சேரும், ஆகவே 'கோயில் வாசலிலேயே நிற்போம்' என்று நினைப்பது பொருந்தாது. பணம் திரட்டவே வேண்டாம். வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை, மேலும் அஞ்சல் தலைக்கு ஆளுக்கு இரண்டு மூன்று ரிங்கிட் போட்டாலே உங்கள் செலவு அடங்கிவிடும்.

கைதிக்கே எழுதும் கடிதத்தைப் பற்றித் தம்பி கேட்கவில்லை. ஆனால் உங்கள் வட்டத்தினருக்கு அதுதான் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். வழக்கைப் பற்றியோ அரசைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம்; தணிக்கை அதிகாரி படித்த பிறகே அவர் கைக்குப் போகும், போகாமலும் இருக்கலாம். எளிய ஆங்கிலத்தில் நாலைந்து வரி. ஒரு முறை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பால்மரத்தில் கோடு கிழித்துச் சிரட்டை கட்டியிருக்கும் படத்தை வரைந்து, 'எங்கள் ஊரில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை' என்று மட்டும் எழுதி ஓர் அட்டையை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து விடுதலையான அந்த மனிதர் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. மூன்றும் அந்த மரத்தைப் பற்றியவை. எழுதும் அட்டைகளுக்கு எண் போட்டு, தேதியைக் குறித்து வையுங்கள். எது போய்ச் சேர்ந்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொள்ள அது ஒன்றே வழி.

சிறைப்பட்ட எழுத்தாளர் நாள் என்று பென் அமைப்பு நவம்பர் 15ஐக் கடைப்பிடிக்கிறது. கூட்டங்களில் ஒரு நாற்காலியை வெறுமையாக விட்டு வைப்பது அவர்கள் வழக்கம். உங்கள் மாதக் கூட்டத்தில் அப்படியொரு நாற்காலியைப் போடுங்கள், செலவில்லை. முதல் கடிதத்தை அனுப்புமுன் கைதியின் பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, சிறையின் பெயர் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பினால், அரபு தெரிந்த என் பழைய நண்பரிடம் காட்டி ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை உறையை ஒட்ட வேண்டாம்.